கைக்குட்டையும் அழுக்குத் துணிக் கூடையும்

நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களின் பேச்சைக் கவனித்தால் ஒன்று விளங்கும். அழ வைத்த நாடகமானால், "பாவம், விதி அவனை அப்படி ஆட்டி வைத்துவிட்டது" என்பார்கள். இல்லையென்றால் பழி முழுவதையும் வில்லன் தலையில் போடுவார்கள். சிரிக்க வைத்த நாடகமானால், "ஜோக்குகள் பிரமாதம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அழுகைக்குக் காரணம் விதி, சிரிப்புக்குக் காரணம் வேடிக்கைப் பேச்சு என்பது பொதுவான தீர்மானம். இந்தத் தீர்மானம் சரியல்ல. நல்ல நாடகத்தில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது பாத்திரத்தின் குணம்.

இதை விளங்கிக்கொள்ள ஷேக்ஸ்பியரே வழி செய்து வைத்திருக்கிறார். மனைவி மீது வீணாகச் சந்தேகப்படும் கணவனை அவர் ஒருமுறை சிரிப்பதற்காகவும், ஒருமுறை அழுவதற்காகவும் மேடையில் நிறுத்தினார். 'விண்ட்ஸர் நகரத்துக் குறும்புக்கார மனைவிகள்' என்ற ஹாஸ்ய நாடகம் 1602-ல் அச்சேறியது. 'ஒதெல்லோ' என்ற சோக நாடகம் 1604 நவம்பர் 1-ந் தேதி லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டது. நோய் ஒன்று, நோயாளிகள் இருவர். ஒருவன் அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துத் தேடுகிறான். மற்றவன் ஒரு கைக்குட்டைக்காக மனைவியின் உயிரை வாங்குகிறான்.

ஒரே செய்தி, இரண்டு கணவர்கள்

முதலில் ஹாஸ்யத்தைப் பார்ப்போம். விண்ட்ஸர் நகரில் ஃபோர்டு, பேஜ் என்று இரண்டு வசதியான குடும்பஸ்தர்கள். ஃபால்ஸ்டாஃப் என்ற தொந்தி பெருத்த பிரபு, கையில் காசில்லாமல், இவ்விருவர் மனைவிமாருக்கும் ஒரே மாதிரியான காதல் கடிதம் எழுதுகிறான். இரண்டு பெண்களும் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆளைச் சரியாக மட்டந்தட்டத் திட்டம் போடுகிறார்கள். இதற்குள் பிரபுவிடமிருந்து விலக்கப்பட்ட இரண்டு ஆட்கள் கணவர்களிடம் போய்க் கோள் சொல்லிவிடுகிறார்கள்.

செய்தி ஒன்றுதான்; வந்த நேரமும் ஒன்றுதான். ஆனால் பேஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவன் வரட்டுமே, என் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான்" என்ற தினுசில் இருந்துவிடுகிறான். ஃபோர்டுக்கோ தூக்கம் போய்விடுகிறது. மாறுவேஷம் போட்டுக்கொண்டு ஃபால்ஸ்டாஃபிடமே போகிறான். தன் மனைவியை மயக்கும்படி தானே பணமும் கொடுக்கிறான்! கோள் சொன்னவன்தான் கலகத்துக்குக் காரணம் என்றால் இரண்டு வீட்டிலும் கலகம் மூண்டிருக்க வேண்டும். மூண்டது ஒரு வீட்டில்தான். அங்கேதான் அதற்கேற்ற குணம் காத்திருந்தது.

பிறகு நடப்பதெல்லாம் அந்தக் குணத்தின் விளையாட்டு. ஃபோர்டு ஊராரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் பாய்கிறான். ஃபால்ஸ்டாஃப் அழுக்குத் துணிக் கூடைக்குள் சுருண்டு கிடக்க, கூடை ஃபோர்டின் மூக்குக்கு நேராகவே வெளியேறி, தேம்ஸ் நதியில் கவிழ்க்கப்படுகிறது. இரண்டாம் முறை வரும்போது ஃபோர்டு புத்திசாலியாகிவிட்டான் அல்லவா? கூடையைத்தான் முதலில் கவிழ்க்கிறான். உள்ளே துணியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபால்ஸ்டாஃப் கிழவி வேஷத்தில் வருகிறான். அந்தக் கிழவியை ஃபோர்டுக்குப் பிடிக்காது. தன் கையாலேயே அடித்து வெளியே துரத்துகிறான். தேடிய ஆள் இரண்டு முறையும் வீட்டில்தான் இருந்தான். தப்பாய்ப் போனது மனைவியைப் பற்றிய கணக்கு ஒன்றுதான்.

போர்க்களத்துப் புத்தி

ஒதெல்லோ தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானவன்தான். 1963-ல் வெளிவந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அந்நாடகத்தின் காட்சி ஒன்றை நடித்துக் காட்டினார்கள். அவனைச் சந்தேகப்பிராணி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நாடகத்தின் தொடக்கத்தில் நடுநிசியில் கத்தியோடு வந்து சூழ்கிறவர்களிடம் கூட அவன் நிதானம் தவறாமல் பேசுகிறான். அப்படிப்பட்டவன் விழுவது எப்படி?

அவன் போர்க்களத்தில் வளர்ந்தவன். எதிரி வருகிறானா இல்லையா என்று தெரியாமல் தவிப்பது தளபதிக்கு ஆகாது. முடிவு செய், உடனே செய் என்பதுதான் அவன் கற்ற பாடம். அந்தக் குணம் அவனுக்குப் பதவியைத் தந்தது. வெனிஸ் நகரத்தில் பெருமையைத் தந்தது. அதே குணம் வீட்டுக்குள் நுழைந்தபோது கொலையில் முடிந்தது. மேலும், அவன் அந்த ஊருக்கு அந்நியன், நிறத்தால் வேறுபட்டவன், வயதில் மூத்தவன். வெனிஸ் நகரப் பெண்களின் போக்கு தனக்குத் தெரியும் என்று இயாகோ சொல்லும்போது, இல்லையென்று மறுக்க அவனிடம் அனுபவம் இல்லை. இயாகோ நட்டது விதை மட்டுமே. மண் ஒதெல்லோவுடையது.

வில்லன் இல்லாவிட்டால் நாடகமே இல்லை என்று வாதிப்பவர்களுக்கும் ஷேக்ஸ்பியரே பதில் வைத்திருக்கிறார். பின்னாளில் எழுதிய 'குளிர்காலக் கதை'யில் லியான்டஸ் என்ற அரசன் யாரும் தூண்டாமலே மனைவியைச் சந்தேகிக்கிறான். அங்கே இயாகோ வெளியே இல்லை. அரசனின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறான்.

இரண்டாம் வாய்ப்பு

அப்படியானால் சிரிப்புக்கும் அழுகைக்கும் பேதம் எங்கே? சந்தேகத்தின் அளவிலா? அல்ல. ஃபோர்டின் சந்தேகமும் கடுமையானதுதான். பேதம் அவனைச் சுற்றியிருப்பவர்களிடத்தில் இருக்கிறது. விண்ட்ஸரில் ஃபோர்டின் மனைவிக்கு எல்லாம் தெரியும். கணவன் சந்தேகிப்பது தெரியும். பக்கத்தில் ஒரு தோழி உண்டு. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் அயலார் உண்டு. அவன் தப்புச் செய்ய முடிகிறது, மறுபடியும் அதே தப்பைச் செய்ய முடிகிறது, கடைசியில் மனைவிமார் உண்மையைச் சொன்னதும் மன்னிப்புக் கேட்கவும் முடிகிறது. ஒரே கூடையை இரண்டு முறை சோதிக்க அவகாசம் இருப்பதுதான் ஹாஸ்யம்.

சைப்ரஸ் தீவில் அந்த அவகாசம் இல்லை. டெஸ்டிமோனாவுக்குத் தன் மேல் என்ன குற்றம் என்பதே கடைசிவரை விளங்கவில்லை. கணவனின் தலைவலிக்குக் கட்டப்போன கைக்குட்டை கீழே விழுகிறது. அவளுடைய தோழியும் இயாகோவின் மனைவியுமான எமிலியா அதை எடுத்துக் கணவனிடம் கொடுக்கிறாள். ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட மூலக் கதை 1565-ல் சின்தியோ என்ற இத்தாலியர் வெளியிட்டது. அதில் கைக்குட்டையைத் திருடுகிறவன் வில்லனே. திருட்டை மாற்றி, அது எமிலியாவின் கையில் அகப்படும்படி செய்தது ஷேக்ஸ்பியரின் வேலை. ஏன் மாற்றினார்? "கைக்குட்டை எங்கே விழுந்திருக்கும்?" என்று எஜமானி கேட்கிறாள். "தெரியாதம்மா" என்று எமிலியா சொல்லிவிடுகிறாள். கணவனுக்குப் பயந்து, அவன் மனம் கோணக்கூடாதென்று சொன்ன ஒரு சொல். அவள் கெட்டவள் அல்ல. ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் டெஸ்டிமோனாவின் உயிர் போகிறது. கடைசிக் காட்சியில் எமிலியா வாய் திறக்கிறாள். கணவனின் கத்திக்கு இரையாகும்வரை உண்மையைப் பேசுகிறாள். பேசிப் பயன் என்ன? கட்டிலில் பிணம் கிடக்கிறது.

கைக்குட்டைக்காக ஒரு சோக நாடகமா என்று தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமரிசகர் 1693-ல் பரிகாசம் செய்தார். பரிகாசம் செய்தவர் தம்மையறியாமல் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார். கைக்குட்டை சிரிப்புக்குரிய பொருள்தான். விண்ட்ஸரில் விழுந்திருந்தால் சிரிப்பில்தான் முடிந்திருக்கும்.

துணுக்குத் தோரணம்

தமிழுக்கும் இது புது விஷயமல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டையும் வரிசைப்படுத்தும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடம் என நான்கு. எல்லாம் மனிதர்களிடத்தில் உள்ளவை. துணுக்குகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

சபா மேடைகளில் நகைச்சுவை நாடகம் என்ற பெயரில் துணுக்குத் தோரணம் கட்டுவதும், சினிமாவில் கதை ஒரு பக்கமும் காமெடி ஒரு பக்கமுமாக ஓட விட்டதும் தமிழ் ரசிகர்கள் பார்த்துப் பழகியவை. அப்போதைக்குச் சிரிப்பு வரும். மறுநாள் காலையில் ஒரு பாத்திரமும் நினைவில் நிற்பதில்லை. அழுகையும் அப்படித்தான். வில்லனின் கொடுமையை எவ்வளவு ஏற்றினாலும், கதாநாயகனிடத்தில் அதற்கு இடம் கொடுக்கும் குணம் இல்லையென்றால், அது விபத்துச் செய்தியாகுமே தவிர நாடகமாகாது. புதிதாக நாடகம் எழுத வருகிறவர்கள், "அடுத்து என்ன நடக்க வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தச் செய்தி காதில் விழுந்தால் இந்த ஆள் என்ன செய்வான்?" என்று கேட்டுக்கொண்டாலே பாதி நாடகம் எழுதியாகிவிடும்.

ரசிகர்களுக்கும் இதில் லாபம் உண்டு. சந்தேகத்தால் குடும்பம் குலைந்த செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் கோள் சொல்கிறவன் ஒருவன் இருப்பான். கேட்கிற காது ஒன்று இருக்கும். உண்மை தெரிந்தும், "நமக்கேன் வம்பு" என்று வாயை மூடிக்கொண்டவரும் ஒருவர் இருப்பார். முதல் இருவரைத் திருத்துவது கஷ்டம். மூன்றாமவர் கொஞ்சம் முன்னதாகவே வாய் திறந்தால், கைக்குட்டைக் கதை பல வீடுகளில் துணிக்கூடைக் கதையாகச் சிரிப்போடு முடிந்துவிடும்.