கழுத்தில் ஒன்றும் இல்லையே!

நாக்கில் புற்று என்று தெரிந்தால், "புண் இருக்கிற இடத்தை எடுத்துடுங்க டாக்டர்" என்று நம்மவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். "கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுக்கணும்" என்று அவர் பதில் சொன்னால்தான் தகராறு. தடவிப் பார்த்தால் கட்டி இல்லை, ஸ்கேனிலும் இல்லை. பிறகெதற்குக் கழுத்தில் கத்தி? பில்லை ஏற்றத்தான் என்று உடன் வந்த மைத்துனர் காதில் ஓதுவார்.

காலை நடையில் சேர்ந்து வரும் நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியோடுதான் வந்தார். நாற்பது வருஷமாக வெற்றிலை, சீவல், புகையிலை. (புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. தாம்பூலத் தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?) "மறுக்காதீங்க, எடுத்துடுங்க" என்றேன்.

காரணம் இதுதான். நம் உடம்பின் செல்களில் இருப்பவை ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வாயின் உட்தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். பரவத் தொடங்கும் புற்றில் அதைச் செய்யும் மரபணு பெரும்பாலும் அடங்கிப்போகிறது. பக்கத்துத் திசுவை அரித்து வழி உண்டாக்கும் நொதிகளின் மரபணுக்களோ ஓங்கிவிடுகின்றன. பிடி விட்ட செல்கள் நிணநீரோடு போய்த் தங்கும் முதல் இடம் கழுத்து நெறி. கொஞ்சம் செல்களாக இருக்கும்வரை கைக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தெரியாது.

நெறி வீங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால்? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழுவினர் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். கழுத்தில் எதுவும் தென்படாத ஆரம்ப நிலை நோயாளிகள். வாயோடு சேர்த்து நெறிகளையும் அப்போதே எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 80. காத்திருந்தவர்களில் 67.5. நம் நாட்டில், நம் நோயாளிகளிடம் கிடைத்த கணக்கு இது.

எல்லோருக்கும் நெறியில் பரவியிருக்காது என்பதும் நிஜம். சிலருக்கு இந்த வெட்டு வீண்; தோள்வலி மட்டும் மிஞ்சும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2005-லேயே, முதல் கட்டியில் 102 மரபணுக்களின் போக்கைப் பார்த்து நெறிக்குப் பரவியதா என்று கணித்துக் காட்டினார்கள். சீட்டு எழுதிக் கொடுத்து நம்மூர் லேபில் செய்துகொள்கிற பரிசோதனையாக அது வந்துவிட்டால் பல பேருடைய கழுத்து தப்பும். அதுவரை, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்து டாக்டர் எடுக்கும் முடிவுதான் நமக்கு வழி.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மேலே எழுதியதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அதைச் சொல்லாமல் கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினால், மைத்துனர் பேச்சுதான் எடுபடும்.