பாட்டி போட்ட தபால் ஓட்டு போய்ச் சேர்ந்ததா?

2021 சட்டமன்றத் தேர்தலில் என் பாட்டி வீட்டிலிருந்தே வாக்களித்தார். அப்போது அவருக்கு 83 வயது. 80 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தபால் வாக்கு அளிக்கலாம் என்று 2019-இல் விதி திருத்தப்பட்ட பிறகு தமிழ்நாடு சந்தித்த முதல் சட்டமன்றப் பொதுத்தேர்தல் அது. கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்குத் தேர்தல் அலுவலர்கள் வந்தார்கள். கூடவே ஒரு காவலரும் வீடியோ எடுப்பவரும் வந்தார்கள். பாட்டி சீட்டில் குறியிட்டு, மடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டார்: "மக்ளே, மிஷின்ல அமுக்குனா சத்தம் கேக்கும். இது போய்ச் சேந்துதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. பிறகு ஓர் அலுவலகத்தில் விசாரித்துப் பார்த்தேன். "எண்ணிக்கைக்குப் போயிருக்கும்" என்றார்கள். பாட்டி இப்போது இல்லை. அந்த ஓட்டு எண்ணப்பட்டதா, செல்லாது என்று ஒதுக்கப்பட்டதா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இதை ஒரு பாட்டியின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. தபால் வாக்கு எப்படிப் பயணிக்கிறது என்று பாருங்கள். குறியிட்ட சீட்டு ஓர் உள் உறைக்குள் போகிறது. தனியாக ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அதில் சீட்டின் எண்ணும், வாக்காளரின் கையொப்பமும், ஓர் அதிகாரியின் சான்றொப்பமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வெளி உறைக்குள் போகின்றன. எண்ணிக்கை நாளில் முதலில் படிவத்தைத்தான் பார்ப்பார்கள். எண் பொருந்தவில்லை, சான்றொப்பம் சரியில்லை என்றால் உள் உறையைப் பிரிக்காமலேயே ஓட்டைத் தள்ளிவிடுவார்கள். தன் ஓட்டு தள்ளப்பட்டது என்று வாக்காளருக்கு யாரும் சொல்வதில்லை. பிழை அவருடையதா, சான்றொப்பமிட்ட அதிகாரியுடையதா என்று கேட்கவும் அவருக்கு வழியில்லை.

எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் ராதாபுரம் தொகுதி. 2016-இல் அங்கே அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. பள்ளித் தலைமையாசிரியர்கள் இட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. 2019 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் அப்படியே முடிந்துபோனது. வேட்பாளர்களின் பெயர் நமக்குத் தெரியும். அந்த 203 பேர் யார், தங்கள் ஓட்டு தள்ளப்பட்டது அவர்களுக்கு அப்போதே தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் 2021-இல் வெற்றி வித்தியாசம் 38 வாக்குகள். எண்ணாமல் ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 348. உறைகளில் அலுவலர்களின் கையொப்பம் இல்லாதது போன்ற குறைகளே காரணமாகச் சொல்லப்பட்டன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2023 ஜனவரியில், கருவூலத்தில் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு தபால் வாக்குப் பெட்டியைக் காணவில்லை. தேடியபோது மலப்புரத்தில் கூட்டுறவுத் துறை அலுவலகம் ஒன்றில் கிடைத்தது. ஒரு கூரியர் பொட்டலம் எந்த ஊரைத் தாண்டியது என்று நம் கைபேசி சொல்கிறது. ஓர் ஓட்டுப்பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல நம் அரசிடம் ஏற்பாடு இல்லை.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. ராணுவத்தினருக்கு 2016 முதல் மின்னணு முறையில் தபால் வாக்குச்சீட்டு அனுப்பப்படுகிறது. அந்த உறைகளில் கியூஆர் குறியீடு உண்டு. எண்ணிக்கை மையத்தில் அதை ஸ்கேன் செய்துதான் உள்ளே எடுக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அஞ்சல் வாக்கு கிளம்பியது, வந்து சேர்ந்தது, ஏற்கப்பட்டது என்று வாக்காளரின் கைபேசிக்கே செய்தி வருகிறது. கையொப்பம் பொருந்தவில்லை என்றால் அவருக்குத் தெரிவித்து, சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்று 2018-இல் அங்கே சட்டமே போட்டார்கள்.

சரி, இங்கே தபால் வாக்கு யாருக்குக் கிடைத்திருக்கிறது? ராணுவத்தினர், தேர்தல் பணியிலுள்ள அரசு ஊழியர்கள், பிறகு முதியோர், மாற்றுத்திறனாளிகள். முதியோருக்கான வயதையும் 2024-இல் 85 ஆக உயர்த்திவிட்டார்கள். எங்கள் ஊர் ஆண்களில் பலர் கொச்சி, முனம்பம் துறைமுகங்களிலிருந்து விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. வளைகுடாவில் படகேறுகிறவர்கள் வருடக்கணக்கில் திரும்புவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர் வாக்காளராகப் பதிவு செய்யலாம் என்று 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். ஓர் ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுக்க எந்த மீனவத் தொழிலாளியால் முடியும்? பதிலாள் மூலம் வாக்களிக்கும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த ஆண்டு அவை கலைந்தபோது காலாவதியானது. அரசுக்காக வெளியூர் போகிறவரின் ஓட்டை அரசு தேடிப் போகிறது. வயிற்றுக்காக வெளியூர் போகிறவரின் ஓட்டு அவரவர் பாடு. அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியினர், எந்தச் சமூகத்தினர் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தபால் வாக்கை விரிவாக்கு என்று நாம் கேட்க வேண்டும். ஆனால் அதற்கு முன், அதன் பாதையைக் கண்காணிக்கச் சட்டம் கேட்க வேண்டும். பாதை இருட்டாக இருக்கும்போது ஓட்டுகளை மட்டும் பெருக்கினால் பெரிந்தல்மண்ணாக்கள்தான் பெருகும்.

கண்காணிப்பு என்றதும் சில தோழர்களுக்கு வரும் அச்சம் எனக்கும் உண்டு. யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்தால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்பதற்கு மேலவளவு இருக்கிறது. தனி ஊராட்சியில் ஒரு தலித் தலைவராக வென்றதற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தேர்தலையே நடத்தவிடவில்லை. வாக்குச்சாவடி வாரியாக முடிவு வெளியாவதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது இன்றும் தெரிந்துவிடுகிறது. கூலி வேலையும் குடிதண்ணீரும் ஆதிக்கச் சாதியின் கையில் இருக்கும் ஊரில் ரகசிய வாக்குதான் ஒடுக்கப்பட்டவருக்கு மிச்சமிருக்கும் ஒரே மறைவிடம்.

அதனால் சட்டம் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். வெளி உறைக்கு மட்டுமே குறியீடு. அது எப்போது பெறப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது, ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, தள்ளப்பட்டால் ஏன் என்பதோடு பதிவு நின்றுவிட வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டின் எண் எந்தக் கணினியிலும் ஏறக்கூடாது. தகவல் வாக்காளருக்கு மட்டும் போக வேண்டும். கட்சிக்காரருக்கோ, ஊர்த் தலைவருக்கோ, கைபேசி வைத்திருக்கும் பேரனுக்கோ அல்ல. கைபேசி இல்லாதவருக்கு எழுத்தில் ஒரு ரசீது தர வேண்டும். படிவக் குறைகளை உறை வாங்கியவுடனேயே சரிபார்த்து, திருத்த அவகாசம் தர வேண்டும். அதிகாரியின் பிழைக்காக வாக்காளரின் ஓட்டைத் தள்ளக் கூடாது.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான சட்டம் இயற்றும் அதிகாரம் அரசமைப்பின் 327-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளாட்சித் தேர்தல்? 243கே, 243இசட்ஏ பிரிவுகள் அந்த அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தருகின்றன. மேலவளவும் பாப்பாபட்டியும் நடந்தது அந்தத் தேர்தலில்தான். உள்ளாட்சித் தேர்தலிலும் தேர்தல் பணியாளர்கள் தபாலில்தான் வாக்களிக்கிறார்கள். சமூக நீதி பேசும் தமிழ்நாடு அங்கிருந்து தொடங்கலாம். கடலுக்குப் போகும் மீனவரையும் புலம்பெயர் தொழிலாளரையும் அதே சட்டத்தில் சேர்க்கலாம். ஒன்றியம் செய்யவில்லை என்று சொல்லிக் காத்திருக்க இதில் காரணமே இல்லை.

1919-இல் சவுத்பரோ குழுவின் முன் நின்று, தீண்டப்படாதோருக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாதாடியபோது அம்பேத்கருக்கு 27 வயது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். போட்ட ஓட்டு எண்ணப்பட்டதா என்று தெரிந்துகொள்வதும் அந்த உரிமையின் பகுதிதான். அடுத்த தேர்தலுக்கு உங்கள் வீட்டுக்கு அலுவலர்கள் உறையோடு வரும்போது ஒரு ரசீது கேளுங்கள். "அப்படி ஒன்று கிடையாது" என்பார்கள். ஏன் கிடையாது என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.