"இப்ப வர்றதில்ல தம்பி" என்பது ஒரு விலையா?

பழைய சாமான் விற்கிறவர்களிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. "தம்பி, இது இப்ப வர்றதில்ல." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் விலை. அதே பொருளை நாம் விற்கப் போனால் அதே ஆள் என்ன சொல்வார்? "இதெல்லாம் இப்ப யாரு தம்பி வாங்குறா?" பொருள் ஒன்று, காரணமும் ஒன்று, விலை மட்டும் இரண்டு! இந்த அநியாயத்தைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் விநோதமானது. ரிவால்வரின் மரக் கைப்பிடி. துப்பாக்கி அல்ல, பிடி மட்டும். இரண்டு துண்டு மரம், ஒரு ஸ்க்ரூ. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இந்த இரண்டு துண்டு மரத்துக்கென்றே ஒரு பழஞ்சாமான் சந்தை இருக்கிறது. சில ஜோடிகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. எதை வைத்து விலை வைப்பது என்று பாடம் படிக்க இதைவிடச் சின்னப் பொருள் கிடைக்காது.

முதல் பொய்: "உற்பத்தி நின்றுவிட்டது, அதனால் மதிப்பு அதிகம்." ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி பல பத்தாண்டுகள் மரப் பிடி போட்டு விற்றது. 1990களில் பெரும்பாலும் ரப்பருக்கு மாறியது. அப்படியானால் அதன் பழைய மரப் பிடி எல்லாமே தங்கமா? இல்லை. லட்சக்கணக்கில் செய்த சாதாரணப் பிடிக்கு இன்றும் சாதாரண விலைதான். ஸ்க்ரூ துளையைச் சுற்றி வைர வடிவம் விட்டுச் செதுக்கிய பிடிக்கு மட்டும் தனி மவுசு. காரணம், அந்த வடிவத்தை 1968 வாக்கில் கைவிட்டார்கள். அந்த வருடத்துக்கு முந்தைய துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அதே காலத்துப் பிடி வேண்டும். ஆக, நின்றுபோனதால் மதிப்பு வரவில்லை. நின்றுபோனதைத் தேடுகிற ஆள் இருப்பதால் வந்தது. தேட ஆளில்லாத பொருள் நின்றுபோனால் என்ன, ஓடினால் என்ன?

இரண்டாவது பொய்: "மரம் என்றால் அசல்." இந்தியாவில் பழைய ரிவால்வர் என்றாலே வெப்ளி பெயர்தான் முதலில் வரும். வெள்ளைக்கார ராணுவம் வைத்திருந்த வெப்ளிகளுக்குப் பெரும்பாலும் மரப் பிடியே கிடையாது! கெட்டிப்படுத்திய கறுப்பு ரப்பர். அதில் தோதகத்தியில் பளபளவென்று பிடி இருந்தால் பிற்பாடு யாரோ ஆசாரியிடம் கொடுத்துச் செய்தது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வேலை அழகாக இருக்கலாம். அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அது அசல் பிடியின் விலை அல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்த பிடி என்றால் செய்தவர் யார் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது நல்ல மரவேலை, அவ்வளவே. அசலா என்று பார்க்க உள்பக்கத்தைத் திருப்ப வேண்டும். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் துப்பாக்கியின் நம்பரையே பிடியின் உள்பக்கம் எழுதியோ பதித்தோ வைத்திருப்பார்கள். நம்பர் ஒத்துப்போனால் ஜோடி பிரியாதது. வெளிப்பக்கப் பளபளப்பை மட்டும் பார்த்து விலை சொல்பவன் ஒன்று தெரியாதவன், இல்லை எல்லாம் தெரிந்தவன் :-)

மூன்றாவது பொய்: "பாலிஷ் போட்டால் கூட விலை போகும்." நம் ஊரில் இது பெரிய வியாதி. பழைய தேக்குக் கதவோ ஊஞ்சல் பலகையோ, விற்பதென்றால் முதல் வேலை உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பது. தேய்த்தால் செதுக்கு மழுங்கும், ஓரம் குறையும். பிடியில் ஓரம் குறைந்தால் இரும்போடு விளிம்பு சேராது. அம்பது வருடக் கை பட்டு ஏறிய நிறத்தை எந்த வார்னிஷும் திருப்பித் தராது. துடைக்கலாம், தேய்க்கக் கூடாது.

நான்காவது பொய்தான் எல்லாவற்றுக்கும் அப்பன்: கேட்கும் விலையைச் சந்தை விலை என்று காட்டுவது. ஒருவன் ஐம்பதாயிரம் கேட்கிறான் என்றால் அவனுக்கு ஐம்பதாயிரம் ஆசை என்று மட்டுமே அர்த்தம். விற்றுப் பணம் கை மாறிய விலைதான் விலை. மூன்று வருடமாக விற்காமல் கிடக்கிற பொருளின் விலைச்சீட்டு, அந்த விலைக்கு அது போகாது என்பதற்கான சாட்சி!

இது எங்கேயோ அமெரிக்காக்காரன் பாடு என்று நினைக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மலை. பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் என்பதை 1959ஆம் வருட ஆயுதச் சட்டமே ஏற்கிறது. தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி உள்ள குடும்பங்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு, இங்கும் உண்டு. 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒப்படைக்கவோ விற்கவோ வேண்டும். தனியாளுக்கு விற்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆயுதக் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கெடு வைத்து விற்கச் சொன்னால், விற்கிறவனுக்குப் பேரம் பேசும் பலம் எங்கே இருக்கும்? கடைக்காரர் சொன்னதுதான் விலை. இரும்புக்கு ஒரு விலை சொல்லிவிட்டு மரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் வாங்குவார். அந்த மரமோ தோதகத்தி. அது குறைந்துவிட்டதென்று வெட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே போட்டது. அந்த இன மரங்கள் அத்தனையும் 2017இல் பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போயின.

எதிர்க்கட்சி வாதம் எனக்குத் தெரியும். "பழம்பொருளுக்கு நிலையான விலை கிடையாது, கண்ணுக்குப் பிடித்ததுதான் விலை." சரி. ஏலக்காய்க்கு மட்டும் நிலையான விலை இருக்கிறதா? இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஆனால் போடியில் ஏலம் நடக்கிறது. காயின் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள், பலர் போட்டி போட்டுக் கேட்கிறார்கள், என்ன விலைக்குப் போனது என்பது அன்றே வெளியே தெரிகிறது. மலையேறாத சின்ன விவசாயி கூட அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசலாம். விலை மாறுவது தப்பில்லை. விலை ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிவதுதான் தப்பு.

பழைய சாமானுக்குப் போடி மாதிரி ஏல மையம் வரப்போவதில்லை. ஆனால் நாமே செய்யக்கூடியது உண்டு. விற்கும் முன் உள்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஒருவரிடம் அல்ல, மூன்று பேரிடம் விலை கேளுங்கள், மூன்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். மரத்துக்கு எவ்வளவு, இரும்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். விற்ற பிறகு என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நம் ஊரில் விற்ற விலையைச் சொல்வது கௌரவக் குறைச்சல். அந்த மௌனத்தில்தான் தரகர்கள் வீடு கட்டுகிறார்கள்.

அடுத்த முறை யாராவது "இப்ப வர்றதில்ல தம்பி" என்று சொன்னால் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கடைசியா இதே மாதிரி ஒண்ணை எவ்வளவுக்கு வித்தீங்க?" பதில் வந்தால் பேரம் பேசலாம். வராவிட்டால் நடையைக் கட்டலாம்.