பழைய கணினியைக் கழித்துக் கட்டுவதற்கு முன்...



வீட்டுக் கணினி மெதுவாக இயங்கத் தொடங்கியதும், "இது பழசாகிவிட்டது, புதியது வாங்கிவிடலாம்" என்று முடிவு செய்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உள்ள குடும்பத்திற்கு இது சிறிய செலவன்று. பத்தாண்டுப் பழமையான மேசைக்கணினியையும் அளவான செலவில் மீண்டும் பயனுள்ளதாக்க முடியும் என்பது என் கருத்து. அது மட்டுமன்று, தமிழ்ப்பள்ளிகளைச் சார்ந்த நமக்கு அக்கணினியால் ஆகவேண்டிய பணி ஒன்றும் காத்திருக்கிறது.

நம் பள்ளிகளின் பரிசளிப்பு விழா, பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றின் பழைய பதிவுகள் பல வி.சி.டி., டி.வி.டி. வட்டுகளிலேயே இருக்கின்றன. பள்ளி அலமாரிகளிலும் பெற்றோர் வீடுகளிலும் அவை உறங்குகின்றன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது சில தோட்டப் பள்ளிகள் இடம்பெயர்ந்தன. அப்பள்ளிகளின் பழைய கட்டடமும் திடலும் இன்று அவ்வட்டுகளில் மட்டுமே காணக் கிடைக்கலாம். கணினியில் பதிவு செய்யப்பட்ட வட்டின் சாயப்படலமோ வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெடக்கூடியது. நம் நாட்டில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை.

இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் வட்டு செருகும் தட்டே இல்லை. யு.எஸ்.பி. வழி இணைக்கும் தட்டைத் தனியாக வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால், மூலையில் கிடக்கும் பழைய கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறதே!

சரி, பழைய கணினியில் எதை மாற்றுவது? முதலில் நோயைக் கண்டறிய வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றில் எது 100 விழுக்காட்டை எட்டுகிறது என்று பாருங்கள்.

வட்டு என்றால், பழைய சுழலும் வன்தட்டே காரணமாக இருக்கக்கூடும். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள். கணினி தொடங்கும் நேரமும் மென்பொருள்கள் திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் மிகுந்த பயன் தருவது இதுவே.

நினைவகம் என்றால், பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதுதான் சிக்கல். கூகுள் மீட்டில் வகுப்பு, உலாவியில் பத்துப் பக்கங்கள், இடையில் பயிற்றித் தாள் தயாரிப்பு என்றால் 4 ஜிபி திணறும். 8 ஜிபி ஓரளவு தாங்கும். டி.டி.ஆர். 3 வகைப் பலகையில் டி.டி.ஆர். 4 நினைவகம் பொருந்தாது. ஆகவே வகையை அறிந்து வாங்குங்கள். 32 பிட் விண்டோஸ் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் நினைவில் கொள்க.

காணொளி மாற்றத்தின் வேகம் பெரும்பாலும் செயலியைச் சார்ந்தது. நினைவகத்தைக் கூட்டினால் மாற்றமும் விரைவாகிவிடும் என்று நம்பிப் பணத்தைச் செலவிடாதீர்கள். அதற்காகப் பழைய செயலியைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம். வி.சி.டி. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள்; இன்றைய 1920க்கு 1080 காணொளியில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்குதான். அதை மாற்றப் பழைய செயலியே போதும். டி.வி.டி.க்குக் கூடுதல் நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். மணிக்கணக்கில் செயலி முழு வேகத்தில் இயங்குவதால் சூடேறும். எனவே, தொடங்குமுன் விசிறியில் படிந்த தூசியை நீக்கிவிடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்வது நன்று. முதலில் வட்டில் உள்ள கோப்புகளை அப்படியே படியெடுங்கள்; வி.சி.டி.யில் அவை 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறையில் இருக்கும். பிறகு, இலவச மென்பொருள்களான வி.எல்.சி. அல்லது ஹேண்ட்பிரேக் கொண்டு எச்.264 முறையில் எம்.பி. 4 கோப்பாக மாற்றுங்கள். இன்றைய கைப்பேசிகளில் அது தடையின்றி ஓடும். படத்தைப் பெரிதாக்க முனையாதீர்கள். இல்லாத தெளிவு அதனால் வந்துவிடாது. மூலக் கோப்பை அழிக்காமல் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது; பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை; பிறகு எதற்கு இந்த வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்காத கணினியில் வங்கிப் பணிகளைச் செய்யக்கூடாது. ஆனால், காணொளி மாற்றத்திற்கு இணைய இணைப்பே தேவையில்லை. இணையமும் வேண்டுமென்றால் லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். தாய்ப்பலகையே பழுதானால் மட்டும் மேற்கொண்டு செலவு செய்யாமல் விட்டுவிடுவதே அறிவுடைமை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதனை ஒரு விடுமுறைப் பணியாக ஏற்கலாம். ஒரு பழைய கணினி, ஓர் எஸ்.எஸ்.டி., பொறுமையுள்ள இரண்டு பேர் இருந்தால் போதும். மாணவர்களையும் உடன் அமர்த்துங்கள். கணினியின் உள்ளுறுப்புகளைக் கண்ணால் கண்டு கற்பார்கள். தம் பெற்றோர் சிறுவயதில் மேடையேறி ஆடியதையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

வட்டுகள் நமக்காகக் காத்திருக்கமாட்டா. இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.