எத்தனை விழுக்காடு? எத்தனை ஆண்டு?

சூரிய மின்கலம் என்றதும் கருநீலச் சிலிக்கன் பலகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஏறத்தாழ 6 விழுக்காட்டுப் பயனுறு திறனுடன் தோன்றிய சிலிக்கன் கலம், இன்று கூரைகளின்மீது 20 விழுக்காட்டைக் கடந்து உழைக்கிறது. ஆயினும் சிலிக்கனைப் படிகமாக்க, அதனை 1400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்க வேண்டும். கரிமச் சூரிய மின்கலத்துக்கு அத்தகைய உலை வேண்டியதில்லை. கார்பன் சேர்மங்களை மைபோலக் கரைத்து, செய்தித்தாள் அச்சிடுவதைப்போல மெல்லிய நெகிழித்தாளில் அச்சிட்டுவிடலாம். அப்படியிருந்தும் அது ஏன் இன்னும் நம் கூரைகளுக்கு வரவில்லை?

ஒளி பட்டதும் சிலிக்கனில் எலக்ட்ரான் எளிதில் விடுபட்டு ஓடுகிறது. கரிமச் சேர்மத்தில் அவ்வாறன்று. கிளர்ச்சியுற்ற எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, எக்சிட்டான் என்னும் இணையாகவே திரிகின்றன. ஏறக்குறைய 10 நானோமீட்டர் தொலைவுக்குள் பிரிக்கப்படாவிடில், அவ்விணை மீண்டும் ஒன்றிப் பெற்ற ஆற்றலை வீணாக்கிவிடும். ஒளியைப் போதிய அளவு உறிஞ்சவோ, படலம் 100 நானோமீட்டர் அளவுக்கேனும் தடித்திருக்க வேண்டும். இம்முரணைத் தீர்ப்பதே இத்துறையின் வரலாறு எனலாம்.

கோடக் நிறுவனத்தின் அறிவியலாளர் சிங் டாங், எலக்ட்ரான் வழங்கியையும் ஏற்பியையும் இரு படலங்களாக அடுக்கி, அவை சந்திக்கும் எல்லையில் இணையைப் பிரித்தார். 1986இல் அவர் வெளியிட்ட கலத்தின் பயனுறு திறன் 1 விழுக்காடு. எல்லையை அடுத்துத் தோன்றிய இணைகள் மட்டுமே அதில் பயன்பட்டன. 1995இல் கலிபோர்னியாவில் ஆலன் ஹீகர் குழுவினர் வேறு வழி கண்டனர். இரு பொருள்களையும் அடுக்காமல் கலந்தனர். பாலும் நீரும்போல ஒன்றாகிவிடாமல், எள்ளும் அரிசியும்போலத் தம் இயல்பு கெடாமல் அவை கலந்திருந்தன. இதனால் எந்த இடத்தில் இணை தோன்றினும், அருகிலேயே ஓர் எல்லை இருந்தது. எளிய மாற்றந்தான், ஆனால் இத்துறையில் இதற்கிணையான சிந்தனை வேறில்லை என்பது என் கருத்து.

நெடுங்காலம் ஏற்பியாக விளங்கியது, பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரினின் வழிப்பொருளே. அது கண்ணுறு ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். 2019இல் சீன வேதியியலாளர் சோ யிங்பிங் குழுவினர் உருவாக்கிய ஒய்6 என்னும் ஏற்பி அக்குறையை நீக்கிப் பயனுறு திறனை 15 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியது. இன்று ஆய்வகக் கலங்கள் 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றன.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த 20 விழுக்காடு பெரும்பாலும் விரல்நகம் அளவே உள்ள கலத்தில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அளக்கப்படுவது. சென்னையின் சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பலகை அடையும் வெப்பம் அதனினும் மிகுதி. கடற்காற்றின் ஈரமும் உடன் சேரும். ஆக்சிசனும் ஈரப்பதமும் புறஊதாக் கதிரும் கரிம மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. அரும்பாடுபட்டு அமைத்த கலவையும் வெப்பத்தால் மெல்லப் பிரிந்து திரள்கிறது. சிலிக்கன் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்ட காலத்தில், இது சிறு குறையன்று.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே பரப்புடைய இரு கலங்களுள் ஒன்று 20 விழுக்காட்டுடன் 5 ஆண்டுகளும், மற்றொன்று 15 விழுக்காட்டுடன் 15 ஆண்டுகளும் திறன் குன்றாது உழைப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் முன்னது 100, பின்னது 225. விழுக்காட்டில் தாழ்ந்த கலமே இருமடங்குக்கு மேல் மின்சாரம் தருகிறது! பயனுறு திறன் குறைந்தால் இடமும் கம்பியும் தாங்குசட்டமும் மிகுதியாகத் தேவைப்படும் என்று மறுப்போர் உண்டு. அது நியாயமே, 5 விழுக்காட்டுக் கலம் எத்தனை ஆண்டு உழைத்தாலும் கூரைக்கு உதவாது. ஆனால் 15 விழுக்காட்டைக் கடந்தபின், அடுத்த ஒரு விழுக்காட்டுக்குச் செலவிடும் உழைப்பை ஆயுளை நீட்டுவதில் செலவிடுவதே தக்கது. புதிய கலத்தை அறிவிக்கும் ஒவ்வோர் ஆய்வுக்கட்டுரையும் அதன் விழுக்காட்டுக்கு அருகிலேயே, வெயிலிலும் ஈரத்திலும் அது எத்தனை மணிநேரம் தாக்குப்பிடித்தது என்பதையும் கலத்தின் பரப்பையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஆய்விதழ்கள் இதனை வெளியீட்டு விதியாகவே ஆக்கிவிடலாம்.