கணனி அறிவோம்: மென்பொருள் இல்லாமலும் டொங்கிள் இயங்கும்



இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள், பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளையும் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கட்டுக்கரைக் குளத்தை அண்டிய ஊர்களில் இருந்து இதற்காக மன்னாருக்குப் பஸ் ஏறி, அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கடையில் பிறரிடம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு பழைய மடிக்கணனியும் டொங்கிளும் போதும்.

"டொங்கிளோடு வந்த மென்பொருள் திறக்கவில்லை" என்று பலர் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். மென்பொருள் பழுதானால் டொங்கிளும் பழுது என்று எண்ண வேண்டாம். அதனுள் இருக்கும் மோடம்தான் இணையத்தைத் தருகிறது. மென்பொருள் அதற்குக் கட்டளை மட்டுமே கொடுக்கிறது. அந்தக் கட்டளையை விண்டோஸும் கொடுக்கும்.

செய்ய வேண்டியவை:

1. சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, ஏ.பி.என். என்ன என்று கேளுங்கள். உங்கள் சிம் எந்த வாசலால் இணையத்துக்குப் போகிறது என்பதைச் சொல்லும் பெயர் அது. எழுத்துப் பிசகாமல் எழுதி வையுங்கள்.

2. டொங்கிளைச் செருகி, செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதியைத் திறவுங்கள். 'செலியூலர்' என்று தெரிந்தால், அதற்குள் அந்த ஏ.பி.என்.ஐச் சேர்த்து இணையுங்கள்.

3. அது தெரியாவிட்டால் 'டயல்-அப்' இணைப்பை உருவாக்குங்கள். அழைக்கும் இலக்கம் பெரும்பாலும் *99#. பெயர், கடவுச்சொல் கட்டங்களில் என்ன இடுவது, ஏ.பி.என்.ஐ மோடத்தில் எப்படிப் பதிவது என்பவற்றையும் வாடிக்கையாளர் சேவையிடமே கேளுங்கள்.

4. சில டொங்கிள்கள் செருகியவுடன் தாமே இணையும். ஹுவாவே நிறுவனத்தின் பல டொங்கிள்களில், உலாவியில் 192.168.8.1 என்று இட்டால் அமைப்புப் பக்கம் வரும். அங்குள்ள தொடக்கக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்.

கணனிக்கு மோடமே தெரியவில்லை என்றால், அதற்குரிய டிரைவர் இல்லாமல் இருக்கலாம். டிரைவரை ஒரு தடவை நிறுவினால் போதும். பிறகு அந்த மென்பொருளைத் திறக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை:

• விண்டோஸ் நம்மைக் கேட்காமலே புதுப்பிப்புகளை இறக்கி, ரீலோட் பணத்தைக் கரைத்துவிடும். இணைப்பின் அமைப்பில் 'மீற்றர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்குங்கள்.

• சிம்மின் பின் இலக்கத்தை மூன்று முறை பிழையாக இட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்கப் பக் இலக்கம் வேண்டும்.

• ஒரு நிறுவனம் விற்ற டொங்கிள் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காமல் இருக்கலாம்.

• 3ஜி மட்டும் உள்ள பழைய டொங்கிளைக் காசு கொடுத்து வாங்கும் முன், உங்கள் ஊரில் அது எடுக்குமா என்று விசாரியுங்கள். 4ஜி டொங்கிளே நல்லது.

டொங்கிள் இல்லாவிட்டால், ஸ்மார்ட் போனை யு.எஸ்.பி. வயரால் கணனியோடு இணைத்து, போனில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கிப் பாருங்கள்.

முதல் நாள் ஒருவரிடம் உதவி கேட்பதில் குறைவில்லை. ஆனால் அவர் செய்வதைப் பார்த்து, ஒவ்வொரு படியையும் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை நீங்களே செய்யலாம். பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும் காட்டிக் கொடுக்கலாம்.