வெள்ளைக்கல்லுக்குக் கீழே எரிவாயு, மேலே கிணறு

வடமராட்சியின் கரவெட்டியில் கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கொஞ்ச ஆழம்தான் மண், பிறகு வெள்ளைக்கல். அலவாங்கால் பெயர்த்தெடுத்த கல்லைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே சிப்பியின் அச்சும், விரல் நுழையும் பொந்துகளும் தெரியும். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது. மாரி மழை அந்தப் பொந்துகளால் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அந்த நீரைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இன்னும் ஆழத்தில் வேறொரு கதை. கொண்டுவானா நிலம் பிளந்தபோது உருவான காவிரிப் படுகை, தஞ்சை டெல்டாவோடு நிற்காமல் பாக்கு நீரிணைக்கு அடியாலும் நீள்கிறது. அங்கே புதைந்த சேதனப் பொருள் வெப்பத்தில் வெந்து எரிவாயுவாகும். மணற்கல் அதைத் தாங்கும், களிப்பாறை மூடி வைக்கும். 1974இல் சோவியத் உதவியோடு மன்னார் பேசாலையில் துளையிட்டார்கள். 2011இல் அடுத்திருக்கும் மன்னார்ப் படுகையின் கடலில் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது. 2015இல் அந்நிறுவனம் விலகியது. அந்த வாயு இன்னும் கரைக்கு வரவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியின்போது காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வாயுமேல் ஆசை வருவது நியாயமே. ஆனால் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். மன்னாரில் கண்டது பெரும்பாலும் மீதேன். மின்னிலையத்துக்கே அது கூடுதலாக உதவும். ஆழ்கடலில், மீனவரைக் கேட்டு, அவர்களுடைய தொழில் கெடாமல் எடுக்கலாமென்றால் எடுக்கட்டும்.

குடாநாட்டின் தரையில் மட்டும் வேண்டாம். பொந்து விழுந்த சுண்ணாம்புக்கல்லில் துளையிடும் சேறு எந்தப் பக்கம் ஓடுமென்று கட்டுப்படுத்துவது கடினம். வாயுவோடு ஆழத்து உப்புநீரும் மேலே வரும். உருக்குக் குழாயைச் சுற்றிய சீமெந்து ஓரிடத்தில் வெடித்தாலும் போதும், அந்த உப்புநீர் கிணறுகளுக்குள் புகுந்துவிடும். இதே குடாநாட்டின் சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 2019 ஆயிற்று. இதற்கிடையில் சனங்கள் பவுசரில் வந்த தண்ணீருக்கு வாளியோடு காத்து நின்றார்கள்.

தமிழ்நாட்டின் நெடுவாசல் மக்கள் 2017இல் எரிவாயு எடுப்பதை எதிர்த்துப் போராடினார்கள். 2020இல் தமிழ்நாடு சட்டமியற்றி, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது. அதே படுகையின் இக்கரையில் யாரும் வீதிக்கு இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடாநாட்டு நிலத்தில் எரிவாயுத் துளையிடல் இல்லையென்று இலங்கை நாடாளுமன்றம் இப்போதே எழுதி வைக்கலாம். கடலில் அடுத்த அனுமதி கொடுக்குமுன், வடமராட்சிக் கிணறுகளின் உப்பையும் எண்ணெயையும் அளந்து, பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி பதிந்து வைக்க வேண்டும்.